உங்களுக்குத் தெரியுமா? அசல் ஃபெராரிக்கு எது சாட்சி?

கராச்சர்மா ஜங்ஷனில் நாள் முழுக்க நின்றாலும் ஆட்டோ, பஸ், சிடியா தாப்பு போகும் டூரிஸ்ட் வண்டிகள்தான் கண்ணில் படும். ஃபெராரி வராது. வந்தால் அதன் பாடு திண்டாட்டம். ஜிர்காடாங் செக்போஸ்ட்டைத் தாண்டி ஜாரவா காப்பகச் சாலைக்குள் கான்வாயில் மட்டுமே போகலாம், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, முந்தவும் கூடாது. மணிக்கு 324 கி.மீ. பறக்கும் ஃபெராரி எஃப்40 அங்கே சரக்கு லாரிக்குப் பின்னால் சமர்த்தாக ஊர்ந்துதான் ஆக வேண்டும்.

ஆனாலும் இந்த வாரம் பேச்சு அந்தக் கார்களைப் பற்றித்தான். ஒன்றுபோல இரண்டு கார்கள். ஒன்றுக்கு 300 கோடி கொடுக்க ஆள் இருக்கிறது, மற்றொன்றை இரும்பு விலைக்குக் கேட்கவும் ஆள் இல்லை. ஏன் இந்த வித்தியாசம்?

பென்சில் பிரின்ட்

கோடீஸ்வரர்கள் காரை வாங்குமுன் செய்யும் முதல் சோதனை நம் ஊர்ப் பட்டறையிலும் நடக்கிறது. கார் கைமாறும்போதும், கடன் போடும்போதும் "சேசிஸ் நம்பர் பென்சில் பிரின்ட் கொண்டு வாங்க" என்று கேட்பார்கள் இல்லையா? மெக்கானிக் பானட்டைத் திறப்பார். எண் பொறித்த இடத்தில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைப்பார். மெல்லிய காகிதத்தை அழுத்தி வைத்து, பென்சிலைப் படுக்கப் போட்டு நிதானமாகத் தேய்ப்பார். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழுத்துகள் எழும்பி வரும். சிலர் பென்சிலை எண்ணின் மேலேயே தேய்த்துவிட்டு, செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுப்பார்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்க்கும் நிபுணரும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார், இன்னும் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு. எழுத்துகள் ஒரே ஆழத்தில் இறங்கியிருக்கின்றனவா? அந்த வருடத்தில் கம்பெனி பயன்படுத்திய எழுத்து வடிவம்தானா? சுற்றிலும் கிரைண்டர் ஓடிய கோடு தெரிகிறதா? ஓரத்தில் வெல்டிங் தழும்பு? பழைய இத்தாலியக் கார்களில் எண்ணைக் கையால்தான் அடித்தார்கள். கொஞ்சம் கோணலாக இருந்தால் நல்லது. அச்சடித்தாற்போல் நேர்த்தியாக இருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

உங்கள் காரின் ஜாதகம்

1980களின் தொடக்கத்திலிருந்து கார்களின் சேசிஸ் எண்ணுக்கு 17 இடங்கள். முதல் மூன்றும் செய்த நாட்டையும் கம்பெனியையும் சொல்லும். ஃபெராரி என்றால் 'இசட்.எஃப்.எஃப்.'. லம்போர்கினிக்கு 'இசட்.எச்.டபிள்யூ.'. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த ஹூண்டாய் உங்கள் வீட்டில் இருந்தால் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள், 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும். இந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள். அந்த எழுத்துகளில் ஒன்று உள்ள சேசிஸ் எண்ணை யாராவது காட்டினால், காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அதற்கு முந்தைய ஃபெராரிகளின் கதையே வேறு. சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண், பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உலகத்திலேயே அதிக விலை போகும் ஃபெராரியான 250 ஜி.டி.ஓ. பந்தயத்துக்காகவே செய்தது, ஆனாலும் அதற்கு ஒற்றைப்படை எண். சாலைக் கார் வம்சத்தில் வந்தது என்று பந்தய அதிகாரிகளிடம் காட்ட வேண்டியிருந்தது. விவரம் தெரியாத போலிக்காரர் சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

36 கார், ஒரு தீர்ப்பு

1962 முதல் 1964 வரை செய்த 250 ஜி.டி.ஓ. மொத்தம் 36. ஒவ்வொன்றும் யார் யார் கைக்குப் போனது, எந்தப் பந்தயத்தில் எந்த இடம் வந்தது, எந்த வருடம் எங்கே இடித்தது என்பது வரை ஆர்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் "கிராமத்தில் ஒரு ஷெட்டில் 37-வது கிடைத்தது" என்று யாரும் கதை விட முடியாது. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டெரேயில் 3413 என்ற எண்ணுள்ள கார் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் 330 கோடி ரூபாய்க்கு மேல். 2023 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொன்று 5.17 கோடி டாலர்.

2019-இல் இத்தாலியின் போலோன்யா நீதிமன்றம் இந்தக் காரின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்றே ஏற்றுக்கொண்டது. ஒரு கம்பெனி இதே வடிவத்தில் கார் செய்து விற்கக் கிளம்பியபோது ஃபெராரி போட்ட வழக்கு அது. மறு வருடமே ஐரோப்பிய அறிவுசார் சொத்துரிமை அலுவலகம், அதே வடிவத்தின் மேல் ஃபெராரி வைத்திருந்த வணிகச் சின்ன உரிமையைக் கார்களுக்கு ரத்து செய்தது. பொம்மைக் கார்களுக்கு மட்டும் விட்டுவைத்தது. உரிமையைப் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்ததுதான் காரணம்.

ஜி.டி.ஓ.வின் ஏல விலையையும் தூக்கிச் சாப்பிட்டது மெர்சிடிஸ். 1955-இல் இரண்டே இரண்டு செய்த 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூப்பேயில் ஒன்றை 2022 மே 5-ஆம் தேதி தன் ஸ்டுட்கார்ட் மியூசியத்திலேயே வைத்து விற்றது. விலை 13.5 கோடி யூரோ. ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து கம்பெனியை விட்டு வெளியே போகாத கார் என்பதால், 'உண்மைதானா?' என்று கேட்க வாய்ப்பே இல்லாமல் போனது. சிங்கிள் ஓனர் என்றால் இதுதான் சிங்கிள் ஓனர்!

இன்ஜின் மாறினால்?

சேசிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ் மூன்றின் எண்களும் கம்பெனிப் பதிவேட்டில் உள்ளபடியே இருந்தால் விலை எகிறும். பந்தயக் கார்களில் இது அபூர்வம். காலையில் ஓடி மதியம் இன்ஜின் வெடித்தால், ராத்திரியே வேறு இன்ஜினைத் தூக்கி வைத்துவிடுவார்கள். அன்றைக்கு அது பழைய வண்டி, அவ்வளவுதான். அறுபது வருடம் கழித்து ஒருவர் பூதக்கண்ணாடியோடு வருவார் என்று யார் கண்டார்கள்?

ஃபெராரி 2006-இல் இதற்கென்றே 'கிளாசிகே' என்ற பிரிவை மாரனெல்லோவில் தொடங்கியது. 20 வயது தாண்டிய காரைப் பழைய வரைபடங்களோடும் பதிவேடுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் சிவப்பு அட்டை போட்ட சான்றுப் புத்தகம் தருவார்கள். பழைய இன்ஜின் பிளாக் தொலைந்து போயிருந்தால் அதே வரைபடத்தை வைத்துப் புதிதாக வார்த்தும் கொடுப்பார்கள். கம்பெனியே வார்த்தது அசலா, இல்லையா? சேகரிப்பாளர்கள் இதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வார்த்த தேதியை மறைக்காமல் எழுதி வைத்திருந்தால் குற்றமில்லை.

கோர்ட் படியேறிய பென்ட்லி

இந்தச் சண்டையின் உச்சம் 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் ஒன்று, செல்லப்பெயர் 'ஓல்டு நம்பர் ஒன்'. 1929, 1930 என அடுத்தடுத்து இரண்டு வருடம் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த கார். உரிமையாளர் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்தார். பிறகு வாங்க வந்த கம்பெனி பின்வாங்கியது. "இது அந்தக் காரே இல்லை" என்றது.

அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. 1929-இல் ஓடிய காரின் பாகங்கள் என்று தேடினால் விரல்விட்டு எண்ணலாம். பந்தயத்துக்குப் பந்தயம் ஏதாவது ஒன்றைக் கழற்றி ஏதாவது ஒன்றை மாட்டியிருந்தார்கள். 1932-இல் 8 லிட்டர் இன்ஜினை ஏற்றினார்கள். அதே வருடம் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் கார் தடத்தைத் தாண்டிப் பறந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதன் பிறகு மறுபடி கட்டி, வேறு பாடி போட்டார்கள். மிச்சம் என்ன இருக்கிறது?

நீதிபதி ஆட்டன் பாகங்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. கார் எந்தக் கட்டத்திலும் செத்து, மறுபடி பிறக்கவில்லை. மாற்றங்கள் எல்லாம் ஓடும் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. 'நான்தான் ஓல்டு நம்பர் ஒன்' என்று உரிமை கொண்டாட வேறு காரும் இல்லை. ஆகவே இதுதான் அது என்று தீர்ப்புச் சொன்னார். வாங்கியவர்கள் பணத்தைக் கட்ட வேண்டியதாயிற்று.

நமக்கு இது புதிதல்ல. திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீயில் எரிந்து, மறுபடி செய்யப்பட்டது. பின்னால் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. வடம் பிடிக்கப் போகிறவர்கள் யாரும் "இது பழைய தேர்தானா?" என்று கேட்பதில்லை. ஆட்டன் திருவாரூர்க்காரராக இருந்திருந்தால் வழக்கைக் காலையிலேயே முடித்திருப்பார்.

இதே அளவுகோலுக்குச் சிக்காத கார் ஒன்று உண்டு. புகாட்டி 57 எஸ்.சி. அட்லாண்டிக் மொத்தம் நான்கு. ஜான் புகாட்டி தனக்கென்று வைத்திருந்த கறுப்பு கார் இரண்டாம் உலகப் போர்க் குழப்பத்தில் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. இன்னொன்றை 1955-இல் ரயில்வே கிராசிங்கில் ரயில் அடித்து நொறுக்கியது. பல வருடம் கழித்துச் சிதைவுகளை வைத்து மறுபடி கட்டினார்கள். பென்ட்லியில் மாற்றம் ஓடும்போது வந்தது. இங்கே கார் இடையில் பல வருடம் காராகவே இல்லை. மற்ற இரண்டுக்கும் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை.

ஏரியில் 73 வருடம்

கடலை ஒட்டி இருக்கும் நமக்கு இந்தக் கதை பிடிக்கும். 1925-இல் செய்த புகாட்டி டைப் 22 ஒன்று, இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் மஜோரே ஏரியில் 1936-இல் மூழ்கடிக்கப்பட்டது. கட்ட வேண்டிய சுங்க வரி காரின் விலையைவிட அதிகமாகப் போய்விட்டதால் அதிகாரிகளே ஏரியில் இறக்கினார்கள் என்கிறது ஊர்க்கதை. 2009 ஜூலையில் சுமார் 50 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே தூக்கினார்கள். ஒரு பக்கம் முழுக்க அரித்துப்போய், சல்லடையாக வந்தது. 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் அந்தத் துரு 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கிய கலிஃபோர்னிய மியூசியம் அதைப் பழுது பார்க்காமல் அப்படியே காட்சிக்கு வைத்தது.

ஏரி நன்னீர், அடியில் சேறு, குளிர். இவை மூன்றும் சேர்ந்துதான் இவ்வளவாவது மிச்சம் வைத்தன. நம் கடலில் விழுந்திருந்தால் ஏலம் விட ஒரு நட்டுகூடத் தேறியிருக்காது.

கடலில் விழ வேண்டும் என்றுகூட இல்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. கப்பலில் வந்து இறங்கும் வண்டி, வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் ஊரில், உப்புக்காற்றில் நிற்கிறது. முதலில் கதவின் அடி விளிம்பு, பிறகு சக்கர வளைவு, அப்புறம் மிதியடிக்குக் கீழே தரைத்தகடு. வெளியே பெயின்ட் கொப்புளித்தால் உள்ளே வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று அர்த்தம். டிங்கரிங் பட்டறையில் அதைத் தட்டி, பட்டி வைத்து, பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும்.

பழைய ஆஸ்டன் மார்ட்டின் போன்ற கார்களில் இன்னும் மோசம். மெல்லிய எஃகுக் குழாய்க் கூட்டின் மேல் அலுமினியத் தோலைப் போர்த்தியிருப்பார்கள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அசல் பாடியா, பட்டி போட்டதா என்று பார்க்க இரும்புக் கார்களில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் கீழே பட்டி. அலுமினியக் காரில் இந்த வித்தை பலிக்காது. பெயின்டின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கும் கருவிதான் வேண்டும்.

பெயின்ட் மெலிந்தால் நல்லது

என்ஸோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது வெளியான கடைசிப் புது மாடல் எஃப்40. 1987-இல் வந்தது, மறு வருடம் அவர் காலமானார். 400 கார்தான் என்று தொடங்கி 1,311 வரை செய்துவிட்டார்கள். எடையைக் குறைக்க பெயின்டைக்கூட மெலிதாகத்தான் அடித்தார்கள். வெயிலில் சாய்ந்து பார்த்தால் சிவப்புக்குக் கீழே கார்பன்-கெவ்லர் இழைகளின் நெசவு தெரியும். மறுபடி பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கிய எஃப்40-இல் நெசவு தெரியாது. அங்கே ஏதோ அடிபட்டிருக்கிறது, அல்லது யாரோ ஆசைப்பட்டுக் கெடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் விலை குறையும்.

தூசிக்கும் விலை உண்டு

மேற்கு பிரான்ஸில் ஒரு பழைய மாளிகையின் கொட்டகைகளில் 60 கார்கள் பல்லாண்டுகளாகக் கிடந்தது 2014-இல் வெளியே தெரிந்தது. லாரித் தொழிலதிபர் ஒருவர் சேர்த்து வைத்தவை. அவற்றில் ஒன்று ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர், பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழே இருந்தது. நடிகர் அலென் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த கார். துடைக்காமல், காற்றுகூட அடிக்காமல் 2015 பிப்ரவரியில் ஏலம் விட்டார்கள்: 1.63 கோடி யூரோ! மெருகேற்றிய காரை எப்போது வேண்டுமானாலும் இன்னொரு தடவை மெருகேற்றலாம். அந்தத் தூசியை யாராலும் திரும்பப் போட முடியாது.

வெள்ளைத் தலைசாய்ப்பு

'தி இட்டாலியன் ஜாப்' (1969) படத்தின் தொடக்கத்தில் ஒரு ஆரஞ்சு நிற லம்போர்கினி மியூரா மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகும். சுரங்கத்துக்குள் நொறுங்குவது வேறொரு உடைந்த கார். ஓடிய கார் எது? ஐம்பது வருடம் கழித்து, 2019-இல் லம்போர்கினியின் 'போலோ ஸ்டோரிகோ' பிரிவு அது 3586 எண் கார்தான் என்று சான்று கொடுத்தது. காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று சுவாரசியமானது. வாடிக்கையாளருக்காக வெள்ளைத் தோல் இருக்கை போட்டு வைத்திருந்த காரைப் படப்பிடிப்புக்குக் கொடுக்கும்போது, அழுக்காகிவிடும் என்று பயந்து கறுப்பு இருக்கைகளை மாற்றி வைத்தார்கள். தலைசாய்ப்பை மட்டும் கழற்ற முடியவில்லை. படத்தில் கறுப்பு இருக்கைக்கு மேலே வெள்ளையாக அது தெரிகிறது!

எரிந்த ஒன்பது

1957 பிப்ரவரி 12 இரவு இங்கிலாந்தில் ஜாகுவார் தொழிற்சாலை பற்றி எரிந்தது. 25 எக்ஸ்.கே.எஸ்.எஸ். செய்வதாக இருந்தார்கள். ஒன்பது சாம்பலாகி, 16 மட்டுமே உலகத்துக்கு வந்தன. 2016-இல் ஜாகுவார் அந்த ஒன்பதையும் பழைய எண் வரிசையிலேயே புதிதாகச் செய்வதாக அறிவித்தது. ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். பழைய 16-இல் ஒன்றின் விலை இதைவிடப் பல மடங்கு. கம்பெனி, எண், வரைபடம் எல்லாம் அதேதான். 1957 மட்டும் இல்லை.

இடித்த காருக்கு விலை போகாது என்று நினைக்கிறீர்களா? 'மிஸ்டர் பீன்' ரோவன் அட்கின்சன் தன் மெக்லாரன் எஃப்1-ஐ 2011-இல் மரத்தில் மோதினார். பழுது பார்க்க 9,10,000 பவுண்டு ஆனது. 2015-இல் அதே கார், 66,000 கி.மீ. ஓடிய மீட்டரோடு, 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது. எங்கே இடித்தது, எதை மாற்றினார்கள் என்று ஊருக்கே தெரியும். சந்தேகம் கிளப்ப ஒன்றும் மிச்சமில்லை.

போலித் தொழிற்சாலை

2019 ஜூலையில் பிரேசிலின் இட்டாஜாய் நகரில் ஒரு பட்டறையைப் போலீஸ் சோதனை போட்டது. உள்ளே பாதி செய்த ஃபெராரிகளும் லம்போர்கினிகளும்! அப்பாவும் மகனும் நடத்திய தொழில். விலை 45,000 முதல் 60,000 டாலர். சின்னம் மட்டும் அச்சு அசல்.

நம் நாட்டில்

இந்தியாவின் சொந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் பெருமையாக அறிமுகமானது டி.சி. அவந்தி. 2020 டிசம்பரில் மும்பைப் போலீஸ் ஓர் அவந்தியைப் பிடித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண். ஆவணங்கள் சரியாகவே இருந்தன. ஆனால் அதே சேசிஸ், இன்ஜின் எண்ணில் ஹரியானாவிலும் ஒரு கார் பதிவாகியிருப்பதாகப் போலீஸ் சொன்னது. கடன் மோசடி வழக்காக அது விரிந்தது. வழக்கின் முடிவு எப்படியானாலும், எதிர்காலத்தில் அவந்தி வாங்கிச் சேர்க்க நினைப்பவர் முதலில் பென்சிலைத்தான் எடுப்பார்.

2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய 'ஆபரேஷன் நும்கோர்' இதன் இன்னொரு முகம். பூட்டானிலிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவந்து, போலி ஆவணங்களில் இந்தியப் பதிவு வாங்கியதாகச் சொகுசு ஜீப்புகளைத் தேடிப் பிடித்தார்கள். அங்கே வண்டி அசல். பிறந்த கதைதான் போலி என்றது சுங்கத்துறை.

கதை சுத்தமாக உள்ள கார் வேண்டுமா? சச்சின் டெண்டுல்கரின் ஃபெராரி 360 மொடீனா. பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களை எட்டியதற்காக 2002-இல் மைக்கேல் ஷூமாக்கர் கையால் கிடைத்தது. சுங்க வரி விலக்கு பெரிய சர்ச்சையாகி, கடைசியில் பரிசு கொடுத்த ஃபியட் கம்பெனியே வரியைக் கட்டியது. 2011-இல் சூரத் தொழிலதிபர் ஒருவரிடம் கைமாறியது. அந்த மாடல் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நீதிமன்றம் வரை போய் வந்த காகிதக் கட்டு இதற்கு மட்டும்தான்.

வண்டலூரின் சொந்தக்காரன்

சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் வண்டலூர் பக்கம் செய்த ஹெரால்டு காரை அப்பா, தாத்தா ஓட்டியிருக்கலாம். அதை வரைந்தவர் இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலொட்டி. ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி, அதே மிக்கெலொட்டியின் கைவண்ணத்தில் 1962-இல் இங்கிலாந்தில் வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டில் பாடி தனி, சட்டம் தனி. அதனால் கூரையை அறுத்து எடுத்தாலும் கார் மடங்காது. இந்த வசதியே வினையானது. எத்தனையோ நல்ல ஹெரால்டுகள் இப்படித் தலையை இழந்து, ஸ்போர்ட்ஸ் கார் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கின்றன. அறுத்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். இன்றைக்கு, கூரையோடு, கம்பெனி நிறத்தில் நிற்கும் ஹெரால்டுக்குத்தான் மவுசு.

சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய கார்களுக்கும் இதே தலைவிதி. கோவை கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் தொடங்கினார். வெட்டி ஒட்டப்பட்ட பந்தயக் காரை அடையாளம் காணப் பழைய புகைப்படமும் பந்தய நிகழ்ச்சிநிரலும்தான் துணை. வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பதிவெண்ணும் சொத்துதான். சென்னையின் முதல் பதிவு 'எம்.சி. 1', துறைமுகத்தைக் கட்டிய பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. கார் வைத்திருந்த முதல் சென்னை இந்தியர் நம்பெருமாள் செட்டி. அவருடைய பிரெஞ்சு டெடியானுக்கு 'எம்.சி. 3'.

நேதாஜியின் வான்டரர்

1943 டிசம்பரில் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றிய நேதாஜி, அதற்கு மூன்று வருடம் முன்னால் கல்கத்தா வீட்டுக்காவலிலிருந்து தப்பியது ஒரு ஜெர்மன் காரில். வான்டரர் டபிள்யூ24, பதிவெண் பி.எல்.ஏ. 7169. 1941 ஜனவரி நள்ளிரவில் அண்ணன் மகன் சிசிர் போஸ் ஓட்ட, கோமோ ரயில் நிலையம் வரை போனார்கள். ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, சாதாரணக் குடும்பக் கார். வான்டரர் பின்னாளில் ஆடியாக மாறிய நான்கு வளையக் கூட்டணியில் ஒன்று. பழுது பார்த்து, 2017 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கொல்கத்தா நேதாஜி பவனில் திறந்து வைத்தார். குடும்பத்தை விட்டுப் போகாத கார், நம்பர் பிளேட்டும் அதேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அசல் எது என்பதற்கு இந்திய அரசே ஒரு விடை எழுதிவைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பகுதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான கார்களும் இரு சக்கர வண்டிகளும் 'வின்டேஜ்'. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கூரை அறுத்த ஹெரால்டு இதில் தேறாது. ஓல்டு நம்பர் ஒன்னும் தேறாது என்றுதான் நினைக்கிறேன். ஆட்டனைவிட நம் போக்குவரத்து அமைச்சகம் கறார்.

புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். எண்ணின் நடுவில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். நம் தீவுகளில் முதல் ஆள் வாங்கினால் 'ஏ.என். வி.ஏ. ஏ.ஏ. 0001' என்கிற மாதிரி இருக்கும். 1970களின் தொடக்கத்தில் வாங்கிய அம்பாசடரை டாக்ஸிக்கு விடாமல், டீசல் இன்ஜின் ஏற்றாமல் யாராவது வீட்டோடு வைத்திருந்தால் இப்போதே விண்ணப்பிக்கலாம். பழைய ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் கையில் இருக்கட்டும். மெயின்லேண்டில் பதிவான வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தந்த என்.ஓ.சி.யையும் தேடி எடுத்து வையுங்கள்.

அந்த எண்ணை வாங்கிய பிறகு தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஆராய்ச்சி, வின்டேஜ் ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது: இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம்.